பீங்கான் நகரமும் புதிய கருவிகளும்

விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என அழைப்பது வழக்கம். அண்டையிலுள்ள நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண் அடுக்குகளில் வெண்களிமண் கிடைக்கிறது. அம்மண் இவ்வூர்த் தொழிலுக்குப் பெருந்துணையாயிற்று. பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் பியூஸ் கேரியர் முதலியன இங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன.

இத்தொழிலுக்கு இன்று ஒரு சோதனை நேர்ந்துள்ளது. புதிய வீடுகளில் பீங்கான் பியூஸ் கேரியருக்குப் பதிலாக, மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் எம்.சி.பி. விசையைப் பொருத்துகின்றனர். வீட்டுக்காரருக்கு இது அனுகூலமே. பியூஸ் கேரியர் செய்தே குடும்பம் நடத்துபவருக்கோ இது பிழைப்பைப் பற்றிய கேள்வி. லாபம் ஒருவருக்கும் நஷ்டம் மற்றொருவருக்கும் போய்ச் சேருவதே தொழில் மாறுதலில் உள்ள சிக்கல்.

நெசவாளரான நம் அங்கத்தினர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1811-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் தொழிலாளர்கள் பின்னற் பொறிகளை உடைத்தார்கள். மறு ஆண்டே, பொறியை உடைப்போருக்கு மரண தண்டனை என்று அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் செய்தது. பொறிகள் நிற்கவில்லை, தொழிலாளர் துயரும் தீரவில்லை. 1844-இல் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர் உள்ளிட்ட ஏழைத் தொழிலாளர் சிலர் வேறு வழி கண்டனர். ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துச் சொந்தமாகக் கடை திறந்தனர். கூட்டுறவு இயக்கம் அவர்களைத் தன் முன்னோடிகளாகப் போற்றுகிறது.

நம் மாகாணத்திலும் இத்தகைய பாடம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசாங்க அதிகாரியான ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் நெசவுத் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். வீட்டை விட்டு வந்து அங்கு நேரக் கணக்கில் உழைக்க நெசவாளர் விரும்பவில்லை. ஆயினும், கயிற்றை இழுத்தால் விரைந்தோடும் நாடாவை அவர்கள் வெறுக்கவில்லை. அது கைத்தறிகளில் பரவிற்று. கருவி தம் வீட்டில், தம் வசத்தில் இருந்தமையால் அதை மனமுவந்து ஏற்றனர் என்றே நாம் கருதுகிறோம்.

விருத்தாசலம் வட்டார முந்திரி விவசாயிகளின் நிலையும் இதுவே. விதையிட்டு வளர்த்த மரம் தாய் மரத்தைப் போலக் காய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒட்டுக்கன்றோ தாயின் குணத்தைத் தருகிறது. இவ்வூர் ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 முதலிய ரகங்களை அளித்துள்ளது. ஆனால் கன்று வாங்கி, காய்ப்பு வரும்வரை காத்திருக்கச் சிறு விவசாயிக்குக் கைப்பொருள் வேண்டும். அதற்குச் சங்கக் கடன் கிடைத்தால்தான் புதுமை ஏழையின் கொல்லைக்கும் எட்டும்.

மீண்டும் பீங்கானுக்கு வருவோம். சூளை பாதி நிறைந்திருந்தாலும் அதைச் சூடேற்ற ஏறக்குறைய முழு எரிபொருளே செலவாகிறது. பலர் தம் பொருள்களைச் சேர்த்துச் சுட்டால், செலவு ஒவ்வொருவருக்கும் குறைகிறது. புதிய கருவிக்கும் இக்கணக்கே பொருந்தும். தனியொருவருக்குச் சுமையாவது பலர் கூடினால் தாங்கக்கூடியதாகிறது.

ஆகவே, புதிய கருவி வாங்கும் தீர்மானம் சங்கக் கூட்டத்திற்கு வரும்போது, விலையை மட்டும் விசாரிப்பது போதாது. அதனால் வேலை இழக்கும் அங்கத்தினர் எத்தனை பேர், அவர்களுக்கு மறுதொழில் கற்பிக்க எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்பவற்றையும் கேளுங்கள். அந்த ஒதுக்கீடு எழுதப்பட்ட பின்னரே கருவிக்குப் பணம் கட்டுவது சங்கத்துக்கு அழகு.