பேராசிரியருக்கு ஒரு கடிதம்

கல்லூரியில் சேர விண்ணப்பம் போடுவது நாம் அறிந்த வழி. மதிப்பெண்ணைப் பார்த்து இடம் தருவார்கள். பாடம் நடத்தப் போகும் பேராசிரியரை நாம் அதுவரை கண்டதுகூட இல்லை. ஆனால் ஆராய்ச்சிப் படிப்பு என்று புறப்பட்டால் நிலைமை மாறிவிடுகிறது. ஜெர்மனியில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் தேட வேண்டியது வழிகாட்ட இசையும் பேராசிரியரைத்தான். இங்கிலாந்திலும் விண்ணப்பிக்குமுன் எழுதிக் கேட்பது வழக்கம். அமெரிக்காவில் பல துறைகளில் ஒரு குழு கூடித் தேர்ந்தெடுக்கிறது. அங்கே கடிதத்தால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. ஆகவே எழுதத்தான் வேண்டுமா என்பதை அந்தந்தத் துறையின் அறிவிப்பில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், 1913 ஜனவரி 16ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். ஆண்டுக்கு 20 பவுன் சம்பளக்காரர் என்பதையும், பல்கலைக் கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கூடவே பக்கம் பக்கமாகத் தாம் கண்ட தேற்றங்களை வைத்தார். ஹார்டி நிரூபணங்களைக் கேட்டுப் பதில் எழுதினார். 1914ல் ராமானுஜன் கப்பலேறினார். அக்கடிதத்தில் பேசியது கணக்கு.

பெண்களின் கதை இன்னும் கடினம். ரஷ்யாவில் பல்கலைக் கழகக் கதவு மூடியிருந்ததால் சோபியா கோவலெவ்ஸ்கயா ஜெர்மனி சென்றார். ஹைடல்பர்க்கில் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தனித்தனியே அனுமதி வாங்கித்தான் வகுப்பில் உட்கார முடிந்தது. 1870ல் பெர்லினில் பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸைத் தேடிப் போனார். அவர் கடினமான சில கணக்குகளைக் கொடுத்தனுப்பினார். சோபியா அவற்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அப்படியும் பல்கலைக் கழகம் ஒப்பவில்லை. பேராசிரியரோ நான்கு ஆண்டுகள் தனியாகவே கற்பித்தார். 1874ல் கெட்டிங்கன் பல்கலைக் கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது.

இன்று மின்னஞ்சல் போதும். ஆனால் விடுப்பு விண்ணப்பத்தில் நாம் எழுதிப் பழகிய 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' இங்கே உதவாது. பேராசிரியரின் கட்டுரை ஒன்றையாவது உண்மையாகவே படித்து, அதில் எழுந்த கேள்வியை எழுத வேண்டும். நாம் என்ன படித்தோம், எதை ஆராய விரும்புகிறோம், வரும் ஆண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறாரா என்பவை போதும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மதிப்பெண் பட்டியலை இணைக்கலாம். பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால், படிப்பவருக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். 'அன்புள்ள ஐயா' என்று தொடங்குமுன்னும் பார்த்துக்கொள்வோம். அவர் அம்மையாராக இருக்கக்கூடும்!

பெற்றோருக்கும் பணிவுடன் ஒன்று சொல்வோம். இக்கடிதத்தை அப்பாவோ மாமாவோ எழுதித் தரக் கூடாது. பேராசிரியர் அறிய விரும்புவது பெண்ணின் சிந்தனையை. குடும்பத்தின் ஆங்கிலத்தை அன்று.

பதில் வராமலும் போகலாம். நாள்தோறும் எத்தனையோ கடிதங்கள் வரும் மேசை அது; மௌனம் மறுப்பாகிவிடாது. இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையேல் அடுத்த பேராசிரியரின் கட்டுரையைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.