பாடசாலைப் பிணக்குகளும் மத்தியஸ்தமும்

எமது நாட்டின் பல பிரதேசங்களில் சனி, ஞாயிறு தினங்களில் பாடசாலை வகுப்பறைகளிலேயே மத்தியஸ்த சபைகள் கூடுகின்றன. வேலித் தகராறு, கொடுக்கல் வாங்கல், அயலவரிடையேயான கைகலப்பு என்று பொலிஸ் நிலையத்திலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் அனுப்பப்படும் பிணக்குகள் மாணவர்களின் மேசை கதிரைகளில் அமர்ந்தே பேசித் தீர்க்கப்படுகின்றன. ஆனால், திங்கட்கிழமை அதே வகுப்பறையில் இரு மாணவர்கள் மோதிக்கொண்டால் நிலைமை வேறு. பிரம்படி, பெற்றோரை அழைத்து வருமாறு கட்டளை, வகுப்புத் தடை, இறுதியில் விடுகைப் பத்திரம் என்ற வரிசையே பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றது. பெரியவர்களுக்கு உகந்தது என்று அரசாங்கமே ஏற்றுக்கொண்ட ஒரு வழிமுறை, சிறுவர்களுக்கு எட்டாமல் இருப்பது சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

இலங்கையில் மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டு, 1990ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றன. இச்சபைகளில் அமர்பவர்கள் நீதிபதிகள் அல்லர்; பிரதேசத்தில் நன்மதிப்புப் பெற்ற, பயிற்சியளிக்கப்பட்ட சாதாரண மனிதர்களே. இரு தரப்பினரும் தாம் விரும்பும் மத்தியஸ்தர் ஒருவரைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்கின்றனர். சட்டத்தரணிகள் கட்சிக்காரர்களுக்காகத் தோன்ற முடியாது. மத்தியஸ்தர் தீர்ப்பு வழங்குவதில்லை. இணக்கம் ஏற்பட்டால் அது எழுத்தில் பதியப்படும். ஏற்படாவிடின் இணக்கமின்மைக்கான சான்றிதழ் வழங்கப்பட்டு நீதிமன்றத்தின் கதவு திறந்தே விடப்படும். வற்புறுத்தல் இல்லாமை, நடுவுநிலைமை, இரகசியம் பேணல் ஆகிய மூன்றுமே இம்முறையின் அத்திவாரம் எனலாம்.

இதே அத்திவாரத்தின் மீது எழுப்பப்படுவதே பாடசாலை மத்தியஸ்தமும். 1980களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், சமுதாயப் பிணக்குகளைத் தீர்க்கப் பயன்பட்ட முறை பாடசாலைகளுக்குள்ளும் கொண்டுவரப்பட்டு, மாணவர்களே சக மாணவர்களின் பிணக்குகளில் மத்தியஸ்தம் வகிக்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். பின்னர் இது பல நாடுகளுக்கும் பரவியது. எமது நாட்டிலும் பாடசாலை மட்டத்தில் இத்தகைய பயிற்சிகள் இடம்பெற்றுள்ள போதிலும், அவை எல்லாப் பாடசாலைகளிலும் வேரூன்றிய நடைமுறையாக இன்னும் மாறவில்லை.

இம்முறை எவ்வாறு செயற்படுகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். தரம் 9இல் பயிலும் இரு மாணவர்களில் ஒருவர் மற்றவரின் விஞ்ஞானக் கொப்பியை இரவல் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கேட்டவருக்கு ஒரு பட்டப்பெயர் பதிலாகக் கிடைக்கின்றது. அடுத்த நாள் இடைவேளையில் கைகலப்பு மூள்கின்றது. வழமையான விசாரணையில் எழும் முதற் கேள்வி, “யார் முதலில் அடித்தது?” என்பதாகும். அக்கேள்விக்கு விடை கிடைத்தவுடன் ஒருவர் குற்றவாளியாகவும் மற்றவர் வெற்றியாளராகவும் வகுப்புக்குத் திரும்புகின்றனர். பகை மட்டும் பாடசாலை விடும் நேரம்வரை காத்திருக்கின்றது.

மத்தியஸ்தத்தில் கேள்விகள் வேறு விதமாக அமைகின்றன. முதலில், இருவரும் இதற்குச் சம்மதிக்கின்றனரா என்று கேட்கப்படுகின்றது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடலாகாது, வசை மொழி ஆகாது என்ற விதிகள் எடுத்துரைக்கப்படுகின்றன. பின்னர் நடந்ததை ஒவ்வொருவரும் தம் வாயாலேயே கூற, மத்தியஸ்தர் அதனைத் திரும்பச் சொல்லி, தாம் சரியாக விளங்கிக்கொண்டதை உறுதிப்படுத்துகின்றார். கொப்பி தொலைந்துபோனதை வெளியே சொல்ல ஒருவர் அஞ்சியதும், பரீட்சைக்கு இரண்டு நாட்களே இருந்ததால் மற்றவர் பதறியதும் அப்போதுதான் வெளிவருகின்றன. இறுதியில், தொலைந்த குறிப்புகளை எப்போது எழுதிக் கொடுப்பது, பட்டப்பெயரை நிறுத்துவது என்பன பற்றி அவர்களே ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றனர். சில நாட்களின் பின்னர் அது நிறைவேறியதா என்று பார்க்கப்படுகின்றது.

இம்முறையின் அவசியத்தைச் சட்ட நிலைமையும் வலியுறுத்துகின்றது. 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு சிறுவரைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டுள்ளதாக உயர் நீதிமன்றம் 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் தீர்ப்பளித்தது.

இவ்வேளையில், “பிரம்பைப் பறித்துக்கொண்டீர்கள், அதற்குப் பதிலாக எதைத் தந்தீர்கள்?” என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட வகுப்பில், பாடத்திட்டத்தையும் முடித்து ஒழுங்கையும் பேண வேண்டிய ஆசிரியருக்குத் தடையுத்தரவு மாத்திரம் போதாது. மாற்று வழியும் வேண்டும். மத்தியஸ்தம் அம்மாற்று வழிகளுள் ஒன்றாகும். அது ஒழுக்க விதிகளைத் தளர்த்துவதன்று. தான் செய்ததற்குத் தானே முகங்கொடுத்து, அதனைச் சீர்செய்ய வேண்டிய பொறுப்பை அது மாணவர் மீது சுமத்துகின்றது. பலருக்கு இது நான்கு அடிகளை வாங்கிக்கொண்டு போவதைவிடக் கடினமானது.

எனினும், எல்லாவற்றையும் மத்தியஸ்தத்துக்கு உட்படுத்திவிட முடியாது என்பதை நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். பாலியல் துன்புறுத்தல், கடுங்காயம், போதைப்பொருள் தொடர்பான விடயங்கள், ஆசிரியர் மாணவரைத் தாக்குதல் ஆகியவை சட்டத்தின்படியே கையாளப்பட வேண்டும். இத்தகைய சம்பவங்களைச் ‘சமரசமாக’ மூடிமறைக்கவும், பாடசாலையின் பெயரைக் காப்பாற்றவும் மத்தியஸ்தம் என்ற சொல் பயன்படுத்தப்படுமாயின், அது பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வாறே, பலமுள்ள ஒரு கூட்டம் தனித்த ஒருவரைத் தொடர்ந்து துன்புறுத்தும்போது இரு தரப்பையும் சமமாக அமர்த்திப் பேசுவது நீதியாகாது. முதலில் பாதுகாப்பு, பின்னரே பேச்சு.

தமிழரும் முஸ்லிம்களும் அயலயலே வாழும் கிழக்கிலும் வடமேற்கிலும் மலையக நகரங்களிலும் இவ்விடயம் மேலும் ஒரு பரிமாணத்தைப் பெறுகின்றது. இரு மாணவர்களின் சண்டை, பாடசாலை வாயிலைத் தாண்டியதும் இரு சமூகங்களின் சண்டையாக உருமாறக்கூடும். கைத்தொலைபேசியில் பரவும் சில வினாடிக் காட்சியொன்றே இன்று அதற்குப் போதுமானது. திருகோணமலையில் 2018ஆம் ஆண்டில் முஸ்லிம் ஆசிரியைகளின் உடை தொடர்பாக எழுந்த பிணக்கு, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் சென்றதும், 2022ஆம் ஆண்டில் மீண்டும் தலைதூக்கியதும் இரு சமூகத்தவர் மனதிலும் வடுவை ஏற்படுத்தின. ஒருவரின் அடிப்படை உரிமையைப் பேரம்பேசிக் குறைப்பது மத்தியஸ்தத்தின் வேலையன்று. ஆயினும், வீதிப் போராட்டமாகவும் ஊடக அறிக்கைகளாகவும் மாறுவதற்கு முன்னர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தத்தமது அச்சங்களையும் மனத்தாங்கல்களையும் கூறக்கூடிய நம்பகமான களமொன்று பாடசாலைகளில் இருந்தாக வேண்டும்.

அத்தகைய களம் எமது மரபுகளுக்கு அந்நியமானதும் அன்று. திருக்குறள் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. பிணங்கியோரிடையே ‘சுல்ஹ்’ எனும் இணக்கத்தை ஏற்படுத்துவது இஸ்லாத்தில் நற்செயலாகப் போற்றப்படுகின்றது. ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் பிணக்குகளைத் தீர்த்து வைப்பது நாம் கண்டு பழகியதே.

இதனை நடைமுறைப்படுத்துகையில் கடந்தகாலப் பாடமொன்றை மறக்கலாகாது. 1958ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட இணக்க சபைகள், நியமனங்களில் அரசியல் புகுந்ததால் மக்களின் நம்பிக்கையை இழந்து 1978ஆம் ஆண்டில் கைவிடப்பட்டன. பாடசாலையிலும் மாணவ மத்தியஸ்தர்கள் அதிபரின் செல்லப்பிள்ளைகளாக அமைந்தால் அதே கதியே நேரும். மாணவத் தலைவர்கள் விதிமீறல்களை அறிக்கையிடுபவர்களாதலால் அவர்களை மாத்திரம் இப்பணிக்கு நியமிப்பது பொருந்தாது. சக மாணவர்கள் நம்பும் பிள்ளைகள், கடைசி வாங்கில் இருப்போர் உட்பட, தெரிவு செய்யப்பட வேண்டும். கலப்புப் பாடசாலைகளில் எல்லாச் சமூகத்தினரும், ஆண் பெண் இருபாலாரும் இடம்பெற வேண்டும். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை செய்வதற்கு நேரசூசியில் இடமளிக்கப்பட வேண்டும். அங்கு பேசப்படுவது ஆசிரியர் ஓய்வறையின் பேச்சாக மாறவும் கூடாது.

சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கையைக் கல்வி அமைச்சு 2008ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. கொள்கைகளுக்கு இங்கு பஞ்சமில்லை. அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்வதிலேயே குறைபாடு நிலவுகின்றது. ஒவ்வொரு கல்வி வலயமும் சில பாடசாலைகளையேனும் தெரிவு செய்து, பிரதேச மத்தியஸ்த சபைகளில் அனுபவம் பெற்றவர்களின் துணையுடன் இம்முயற்சியை ஆரம்பிக்கலாம். இதற்குப் பெருஞ் செலவு ஏதும் தேவையில்லை. கோபத்தைச் சொல்லாக மாற்றவும் மற்றவர் சொல்வதைச் செவிமடுக்கவும் பதினான்கு வயதில் பழகிய பிள்ளையே, நாளை தன் ஊரில் ஒரு பிணக்கு எழும்போது கல்லெடுக்காமல் கதிரையை இழுத்துப்போட்டு அமரும். வலயக் கல்விப் பணிப்பாளர்களும் அதிபர்களும் பெற்றோரும் இதனைக் கருத்திற்கொண்டு செயற்பட முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.