பிரான்ஸில் சட்டம் படிச்சா புதுச்சேரி கோர்ட்டில் வாதாடலாமா?

தவளக்குப்பத்தில் பள்ளி முடித்து, பாரிஸில் சட்டம் படித்த ஒருவர் ஊர் திரும்புகிறார்னு வெச்சுக்குவோம். கறுப்பு கோட் மாட்டிக்கொண்டு உடனே புதுச்சேரி கோர்ட்டில் வாதாட முடியுமா? முடியாது. முதல் கேள்வி மார்க் இல்லை, பாஸ்போர்ட்.

1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, அவர் இந்தியக் குடிமகனாக இருக்கணும். வெளிநாட்டுக் குடியுரிமை என்றால், அந்த நாடு நம்மவர்களை வக்கீலாக அனுமதித்தால்தான் பேச்சே. பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள குடும்பங்கள் நிறைய இருக்கும் புதுச்சேரியில் இது சின்ன விஷயமில்லை. ஓசிஐ கார்டு? 2021 மத்திய அரசு அறிவிப்பில் அவர்களுக்கான தொழில்களில் வக்கீலும் உண்டு. ஆனால் ‘உரிய சட்டங்களுக்கு உட்பட்டு’ என்ற வாலும் ஒட்டியிருக்கிறது.

இந்தியக் குடிமகன்தான் என்றால் வழி இருக்கு. பட்டத்தை இந்திய பார் கவுன்சில் அங்கீகரிக்கணும். பிறகு அது நடத்தும் தகுதித் தேர்வு: அரசியல் சாசனம், ஒப்பந்தச் சட்டம், உரிமையியல், குற்றவியல் நடைமுறை என நீளும். நெப்போலியன் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தாலும் சலுகை கிடையாது. பாஸானால் தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. அதற்கு சென்னைக்குத்தான் போகணும். அடுத்த 2 ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வையும் முடிக்கணும்.

பிரெஞ்சு வக்கீலாகவே இங்கே வேலை பார்க்கலாமா? சென்னை ஹைகோர்ட்டில் தொடங்கிய ஏ.கே.பாலாஜி வழக்கில், 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: எப்போதாவது வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், ஆபீஸ் போடக் கூடாது. 2025 மே மாத விதிகள் கொஞ்சம் இறங்கி வந்தன. பதிவு செய்தால் தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை தரலாம். பதிவில்லாமல் வந்து போனால் 12 மாதத்தில் 60 நாள்தான். கோர்ட்டில் ஆஜராக முடியாது. தவளக்குப்பத்தில் ஒரு மனையின் பத்திரம் எழுதவோ, வில்லங்கம் பார்க்கவோகூட அவருக்கு அனுமதி இல்லை.