அறிகுறி இல்லாத நோயும் அலமாரியில் தங்கிவிடும் மாத்திரையும்

உயர் ரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை விழுங்குவது அரை நிமிடம்கூடப் பிடிக்காத வேலை. ஆயினும், அன்றாட உடல்நலப் பழக்கங்களுள் இந்த அளவுக்குத் தவறிப்போகும் பழக்கம் வேறொன்று இருப்பது அரிது. நீண்டகால நோய்களுக்கான சிகிச்சையைச் சொன்னபடி தொடர்வோர் வளர்ந்த நாடுகளிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. விலையும் தொலைவும் மருந்துத் தட்டுப்பாடும் இதற்குக் காரணங்கள் என்பது உண்மையே. ஆனால், மாத்திரை வீட்டு அலமாரியில் இருக்கும்போதே அது வாய்க்குப் போய்ச் சேராததற்கான காரணத்தை மனத்தின் இயல்பில்தான் தேட வேண்டும். அதை அலட்சியம் என்று பெயரிட்டு ஒதுக்குவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி.

மனம் நோயை வலியால், களைப்பால், தலைச்சுற்றலால் அளக்கிறது. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திப் பழகிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. உயர் ரத்த அழுத்தமோ பெரும்பாலானவர்களிடம் எந்த அறிகுறியையும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இதயத்தையும் மூளையின் ரத்தக் குழாய்களையும் சேதப்படுத்துவது. அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் லெவெந்தாலும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. ரத்த அழுத்தம் கூடுவதை மனிதர்களால் உணர முடியாது என்று பொதுவாக ஒப்புக்கொண்ட நோயாளிகளிலேயே பெரும்பாலோர், தம்முடைய அழுத்தம் கூடுவது மட்டும் தமக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினார்கள். “தலை சுத்தல் இல்லை, பிரஷர் நார்மலாகத்தான் இருக்கும்” என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதும் இந்த நம்பிக்கையே. அளவு சீராக இருப்பது மாத்திரையால்தான் என்பதைக் காட்டுவதற்கு உடலில் எந்தச் சான்றும் இல்லை. எனவே, மருந்து நன்றாக வேலை செய்வதே மருந்து வேண்டாம் என்பதற்கான காரணமாக மனத்துக்குத் தோன்றிவிடுகிறது.

பயன் கண்ணுக்குத் தெரியாதபோது, தீங்கு பற்றிய அச்சம் அந்த இடத்தை நிரப்புகிறது. இங்கிலீஷ் மருந்து சூடு, தொடங்கினால் ஆயுள் முழுக்க விடாது, கிட்னியைக் கெடுத்துவிடும் என்னும் பேச்சுகளைக் கேட்டபின் மாத்திரை விழுங்குபவர், அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் உடல் அசதியையும் மாத்திரையின் கணக்கில் எழுதுவது இயற்கை. தீங்கு வரும் என்ற எதிர்பார்ப்பே தீங்கை உணரச் செய்யும் இந்த நிலையை மருத்துவத்தில் நோசிபோ விளைவு என்பர். நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையால் வெறும் மாவு மாத்திரையிலும் நலம் தோன்றும் பிளாசிபோ விளைவுக்கு இது மறுபக்கம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளைப் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்தியிருந்த 60 பேரிடம் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் செய்த சோதனையின் முடிவு 2020இல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு புட்டிகள் தரப்பட்டன. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லாத போலி மாத்திரை, நான்கு காலி. ஸ்டாட்டின் மாதங்களில் உணரப்பட்ட தொல்லையில் ஏறத்தாழ 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் உணரப்பட்டது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்பது இதன் பொருளன்று. வலி உண்மையானது, அதன் ஊற்றுதான் வேறு. தம் சொந்தக் கணக்கைக் கண்ணால் கண்ட பிறகு அவர்களில் பாதிப் பேர் மருந்துக்குத் திரும்பினார்கள். கிட்னி பற்றிய அச்சத்தில் உள்ள துயரமோ இன்னும் பெரிது: சிறுநீரகத்தைச் சிதைக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று கட்டுப்படுத்தப்படாத ரத்த அழுத்தமே.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்ற மருத்துவரின் கேள்விக்கு “சாப்பிடுறேன்” என்பதைத் தவிர வேறு பதில் எளிதில் வருவதில்லை. திட்டு விழும் என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணம், அண்மைய நாட்களை வைத்தே மொத்தத்தையும் நினைவுகூரும் மனத்தின் பழக்கம் இன்னொன்று. புட்டியின் மூடி திறக்கப்படும் ஒவ்வொரு முறையையும் நேரத்தோடு பதிவுசெய்யும் மின்னணு மூடியைக் கொண்டு வலிப்பு நோயாளிகளிடம் நடத்தி 1990இல் வெளியிடப்பட்ட ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஐந்து நாட்களில் 88 சதவீத வேளைகளில் மருந்து எடுக்கப்பட்டிருந்தது. பார்த்து ஒரு மாதம் கழிந்தபோது அது 67 ஆகச் சரிந்திருந்தது. ஆகவே, “போன வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போனது?” என்று, விட்டுப்போவதை இயல்பாக ஏற்றுக் கேட்கும் மருத்துவருக்கே உண்மை கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலிலிருந்து வாய்வரை உள்ள தூரம் பழக்கத்தின் பொறுப்பு. பழக்கம் என்பது, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலின் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றொரு செயல் யோசனையின்றி நிகழ்வது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு புதிய செயல் இப்படித் தானாக நிகழும் நிலையை எட்ட நடுமட்டமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

பழக்கம் படிந்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தினமும் ஒரே விதமாகச் செய்யப்படுவது தனி நினைவாகப் பதியாததால், இன்றைக்குப் போட்டாயிற்றா, அது நேற்றைய நினைவா என்ற குழப்பம் எழுகிறது. மருந்துக் கடையில் கத்தரித்துத் தரும் துண்டு அட்டையோ கிழமையும் காட்டாது, பல நேரம் பெயரும் காட்டாது. அட்டையின் வெள்ளித்தாள் பக்கத்தில் ஒவ்வொரு குமிழுக்கும் பின்னால் பேனாவால் தேதி எழுதிவைப்பவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. வியாழக்கிழமைத் தேதி எழுதிய குமிழ் உடையாமல் இருந்தால், அன்று தவறியது என்று வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்துவிடும். அப்போது இரண்டாகச் சேர்த்து விழுங்காமல், வழக்கமான ஒரே மாத்திரையைக் காப்பிக்குப் பின் போட்டுக்கொண்டால் போதும்.