புதன்கிழமை ஊசி... ராத்திரி காய்ச்சல்!

புதன்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒன்றரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி. சாயங்காலம் வரை சமர்த்தாகத் தூங்கிய குழந்தை, இருட்டியதும் வீறிட்டு அழுகிறது. உடம்பு சுடுகிறது. ஊசி போட்ட தொடை சிவந்து தடித்திருக்கிறது. ‘அடுத்த ஊசியே வேணாம்’ என்கிறார் பாட்டி.

பாட்டியின் பயம் நியாயமானதுதான். அந்த முடிவுதான் ஆபத்தானது.

ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசி, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி உள்ளிட்ட ஐந்து நோய்களைத் தடுக்கிறது. உடல் எதிர்ப்பு சக்தியைத் தயாரிக்கும்போது லேசான காய்ச்சலும் வலியும் வருவது இயல்பு. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும்.

என்ன செய்யலாம்?

* அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். கம்பளியால் சுற்றாமல், மெல்லிய பருத்தி உடை போதும்.

* வீங்கிய இடத்தில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை வைக்கலாம். எண்ணெய் தேய்ப்பது, அழுத்தி நீவுவது, பத்துப் போடுவது எதுவும் கூடாது.

* பாராசிட்டமால் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. செவிலியர் அல்லது மருத்துவர் சொன்ன அளவை மட்டும் கொடுங்கள். காய்ச்சல் வருமுன்பே கொடுக்க வேண்டாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாராசிட்டமால் சிரப்பில் பொதுவாக 5 மி.லி.க்கு 125 அல்லது 250 மி.கி. மருந்து இருக்கும். சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் மருந்து பல மடங்கு கூடிவிடும். லேபிளைப் படித்துவிட்டே பாட்டிலைத் திறங்கள். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பி.சி.ஜி. கொப்புளம்

பிறந்ததும் இடது தோளில் போடும் பி.சி.ஜி. ஊசி, சில வாரங்கள் கழித்துக் கொப்புளமாகி, உடைந்து, தழும்பாக ஆறும். பிதுக்காமல், மருந்து எதுவும் தடவாமல் விட்டாலே போதும்.

உடனே மருத்துவரிடம் ஓடவேண்டியது எப்போது?

வலிப்பு, மூச்சுத் திணறல், முகவீக்கம், மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, 102 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல், இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்வதும், ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே கவனிக்கத்தான்.

சாதாரண காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும். அதற்குப் பயந்து அடுத்த தவணையை விட்டால், கக்குவான் இருமலுக்கு எதிரான பாதுகாப்பு அரைகுறையாக நின்றுவிடும். பச்சைக் குழந்தைகளின் உயிரையே பறிக்கக்கூடிய நோய் அது. முதல் ஊசிக்குக் குழந்தை எப்படி இருந்தது என்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். அட்டையில் குறித்த தேதியில் அடுத்த ஊசியையும் போட்டுவிடுங்கள்.