காத்திருக்க வழியிருந்தால் விலை கிடைக்கும்

மழை பொய்ப்பது விவசாயிக்குப் புதிதல்ல. ஆனால் விதைக்கும் மாதத்தில் வராத மழை, அறுக்கும் மாதத்தில் கொட்டித் தீர்ப்பதை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையில் காவிரி டெல்டாவின் சம்பா நெல் வயலிலேயே சாய்ந்தது. 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டாவில் அதே நிலை. இதைச் சமாளிக்க என்ன வழி என்று கேட்டால், வறட்சி தாங்கும் விதை, பண்ணைக் குட்டை, பயிர்க் காப்பீடு என்கிறார்கள். எல்லாம் தேவையே. இவற்றோடு சேர்த்துப் பேச வேண்டிய ஒன்று சந்தை. சிறு விவசாயிகளும் மண்டி வியாபாரிகளும் கலந்து வாழும் சமுதாயம் நம்முடையது. ஆகவே இதை விரிவாக எழுதுகிறோம்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நில உடைமையாளர்களில் ஏறத்தாழ 93 சதவீதம் பேர் 5 ஏக்கருக்கும் குறைவான நிலம் உள்ளவர்கள். சராசரி உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது 2 ஏக்கர்கூட இல்லை. இவர்களிடம் விளைவது சில மூட்டைகள்தான். காய வைக்கக் களம் இல்லை, அடுக்கி வைக்க இடம் இல்லை, விதைப்புக்கு வாங்கிய கடன் வாசலில் நிற்கிறது. எனவே அறுத்த வாரத்திலேயே விற்கிறார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்பதால் விலை இறங்குகிறது. அந்த வாரம் மழையும் பெய்துவிட்டால் தரம் குறைந்தது என்று இன்னொரு முறை இறங்குகிறது. இப்படி வருமானம் போனவரால் அடுத்த ஆண்டு நல்ல விதையோ குட்டையோ எப்படி யோசிக்க முடியும்?

நெல்லையே எடுத்துக்கொள்வோம். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதம் வரை ஈரப்பதம் உள்ள நெல்லை வாங்குவார்கள். வெயில் காயும் அறுவடைக்கு இது சரியான அளவு. மழையில் நனைந்த நெல்லுக்கு இந்த வரம்பைத் தளர்த்த வேண்டுமானால் மாநில அரசு மத்திய அரசிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அனுமதி வரும்வரை நெல் சாலையோரத்தில் கிடக்கிறது. அந்த நாட்களில் கையில் தார்ப்பாயும் பக்கத்தில் உலர்களமும் உள்ளவர் தப்பிக்கிறார். இல்லாதவர் வந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுக்கிறார்.

ராமநாதபுரம் முண்டு மிளகாயின் கதையும் இதைப் போன்றதே. வானம் பார்த்த பூமியில் விளையும் இந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த மதிப்பு விவசாயியின் கைக்கு வர, வத்தல் நிறம் மாறாமல் காய வேண்டும். தரம் பிரிக்கப்பட வேண்டும். ஈரம் இல்லாமல் சேமிக்கப்பட வேண்டும். களத்தில் நனைந்த வத்தல் வெளுத்துச் சண்டாகிவிடும்; பூஞ்சை பிடித்தால் ஏற்றுமதிக்கும் ஆகாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் எட்டிவயலில் மிளகாய்க்கென வணிக வளாகமும் குளிர்பதனக் கிடங்கும் இருக்கின்றன. அங்கே கொண்டுபோக வண்டி வாடகையும், விற்கும்வரை வீட்டுச் செலவுக்குப் பணமும் இருப்பவருக்கே அது பயன்படும்.

பயிரை மாற்றுவதும் சந்தையைப் பொறுத்ததே. நெல்லுக்கு வேண்டிய நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே கேழ்வரகு விளைந்துவிடும். இது விவசாயிக்குத் தெரியாததல்ல; வாங்க ஆளில்லாததால்தான் விட்டார்கள். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தது. 2022-23 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் என்ற ஆதரவு விலையில் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் அரசு கொள்முதல் செய்தது. வாங்குபவர் யார், விலை என்ன என்பது விதைக்கும்போதே தெரிந்தால், குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறும் துணிவு தானே வரும்.

இப்போதுள்ள வழிகள் என்னென்ன?

முதலாவது, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். இங்கே எடை மின்னணுத் தராசில். ஏலம் மறைமுகமாக நடக்கும். விவசாயி தரகு கொடுக்க வேண்டியதில்லை. 2016-இல் தொடங்கிய இ-நாம் வழியாகப் பல கூடங்களில் வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம். விலை பிடிக்காவிட்டால் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாகப் பெறலாம்.

இரண்டாவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். தனியாக 5 மூட்டை கொண்டு போனால் விலை பேச முடியாது. 300 பேர் சேர்ந்து லாரி லாரியாகக் கொண்டு போனால் ஆலைக்காரரே தேடி வருவார். 2020-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் சமவெளிப் பகுதிக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு இணையாக, ஒருவருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. கணக்கு தெரிந்த நேர்மையான மேலாளரும், அறுவடையின்போது சரக்கு எடுக்க நடைமுறை மூலதனமும் இல்லாவிட்டால் நிறுவனம் பெயர்ப் பலகையோடு நின்றுவிடும்.

மூன்றாவது, 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை. காய்கறி, கீரை போடுபவர்களுக்கு அன்றாடப் பணம் தரும் இடம் இது.

காத்திருப்பதன் பலனைக் கணக்காகப் பார்ப்போம். புரிவதற்காக மட்டுமே இந்த எண்கள். 500 கிலோ வத்தலைக் கிலோ 150 ரூபாய்க்கு உடனே விற்றால் 75,000 ரூபாய். மூன்று மாதம் கழித்து 180 ரூபாய் ஆனால் 90,000 ரூபாய். வாடகையும் வண்டிக் கூலியும் 3,000 ரூபாய் போனாலும் 12,000 ரூபாய் மிச்சம். விலை இறங்கவும் கூடும். ஆகவே பாதியை உடனே விற்றுக் கடனை அடைத்து, பாதியை வைத்திருப்பதே நிதானமான வழி.

இங்கேதான் நம் சமுதாயத்துக்கு வேலை இருக்கிறது. பொருளீட்டுக் கடனுக்கு வட்டி உண்டு என்பதால் தயங்குபவர்கள் நம்மிடையே பலர். முன்பணம் தந்த மண்டிக்கே சரக்கைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இன்னொரு பக்கம். அந்த மூன்று மாதத்துக்கான வீட்டுச் செலவை கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்தால், விற்றதும் பணம் திரும்பி வரும். அதே தொகை அடுத்தவருக்குப் போகும். ஜமாஅத்துகள் பொது உலர்களத்துக்கு இடம் தரலாம். தார்ப்பாய்களை வாங்கி வைத்து முறைவைத்துக் கொடுக்கலாம். மண்டி நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதிரி என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை அள்ளுவதை நிறுத்துங்கள், எடைச் சீட்டைக் கையில் கொடுங்கள். அளவில் குறை வைக்கக் கூடாது என்பது நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதல்ல.

விவசாயக் குடும்பங்கள் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள விற்பனைக்கூடத்துக்கு ஒருமுறை நேரில் போய், கிடங்கில் இடம் உண்டா, வாடகை எவ்வளவு என்று கேட்டு வாருங்கள். குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் அடங்கலில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு களத்துக்கு வந்த பிறகு இதற்கெல்லாம் நேரம் இருக்காது.