எண்ணெய்க் கிணற்றின் ஒருவழிக் கதவு

தோட்டக் கிணற்றில் இயந்திரம் வைத்து நீரிறைக்கும் விவசாயிகள் அனைவரும் புட்வால்வைப் பற்றி நன்கறிவர். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் அச்சிறு கதவு நீரை மேலே செல்லவிடும், கீழே இறங்கவிடாது. அதில் ஒரு சிறு கல்லோ சருகோ சிக்கிக்கொண்டால் குழாயிலுள்ள நீர் முழுவதும் கிணற்றுக்கே திரும்பிவிடும். மறுநாட் காலையில் மீண்டும் நீர் நிரப்பிய பின்னரே இறைப்பைத் தொடங்க முடியும். அங்கு நட்டம் சிறிது நேரம் மாத்திரமே. இதே கடமையைச் செய்யும் கதவொன்று, பல ஆயிரம் அடி ஆழமான எண்ணெய்க் கிணற்றினுள் பழுதடைந்தால் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

புதிதாகத் தோண்டப்பட்ட எண்ணெய்க் கிணற்றில், பாறைப்படையின் இயற்கையான அமுக்கமே பெரும்பாலும் மசகு எண்ணெயை மேலே தள்ளிவிடுகின்றது. ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்வமுக்கம் குறைகின்றது. எண்ணெயுடன் வரும் நீரின் அளவு கூடுகின்றது. பாரமான அத்திரவ நிரலை உயர்த்தும் வலுவைப் பாறைப்படை இழந்துவிடுகின்றது. இந்நிலையில் கையாளப்படும் வழிகளுள் ஒன்றே வாயு உயர்த்தல் முறையாகும். கிணற்றின் வெளிப்புற உறைக்குழாய்க்கும், அதனுள்ளே எண்ணெய் மேலேறும் உற்பத்திக் குழாய்க்கும் இடையில் வளைய வடிவான வெளியொன்று உண்டு. அவ்வளையவெளியினூடாக உயர் அமுக்க வாயு கீழே செலுத்தப்படுகின்றது. ஆழத்திலுள்ள வால்வின் வழியே உற்பத்திக் குழாயினுள் புகும் வாயு, குமிழிகளாக எண்ணெயுடன் கலந்து அதன் அடர்த்தியைக் குறைக்கின்றது. பாரம் குறைந்த திரவத்தை, எஞ்சியுள்ள அமுக்கமே மேலே உயர்த்திவிடுகின்றது.

இம்முறையின் சிறப்பே அதன் பலவீனமுமாகும். வாயு உள்ளே செல்வதற்காக உற்பத்திக் குழாயின் சுவரில் நாமே ஒரு துவாரத்தை இடுகின்றோம். வளையவெளியின் அமுக்கம் கூடுதலாக இருக்கும்வரை வாயு உள்நோக்கியே பாயும். வாயுவை அமுக்கும் இயந்திரம் நின்றுவிட்டாலோ, மேலே வாயுக் குழாய் உடைந்தாலோ வளையவெளியின் அமுக்கம் வீழ்ச்சியடையும். அவ்வேளையில் எண்ணெயும் நீரும் வாயுவும் அதே துவாரத்தின் வழியே வெளிநோக்கிப் பாய முற்படும். இதுவே மீள்பாய்ச்சலாகும். இதனைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு வாயு வால்விலும் ஓர் ஒருவழி வால்வு இணைக்கப்படுகின்றது.

மீள்பாய்ச்சலினால் விளையும் தீங்குகள் பலவாகும். உவர்நீரும் காபனீரொட்சைட்டும் உறைக்குழாயை உட்புறமாக அரிக்கின்றன. உப்புப் படிவுகள் வாயுப் பாதையை அடைக்கின்றன. இவற்றை விடப் பாரதூரமான ஆபத்தொன்றும் உண்டு. கடலிலுள்ள கிணறுகளின் உற்பத்திக் குழாயில், அவசர வேளையில் தானாகவே மூடிக்கொள்ளும் நிலத்தடிப் பாதுகாப்பு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். அது கிணற்றின் மேற்பகுதியில் அமைந்திருக்க, வாயு வால்வுகளோ அதற்கும் கீழே ஆழத்தில் அமைந்துள்ளன. ஒருவழி வால்வு கசியுமாயின், மூடிய பாதுகாப்பு வால்வைச் சுற்றிக்கொண்டு வளையவெளி வழியாக எண்ணெயும் வாயுவும் மேலே வந்துவிடும். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த கதைதான்.

இவ்வால்வுகள் பழுதடைவதற்கான காரணங்களும் அறியப்பட்டவையே. புதிய கிணற்றின் வளையவெளியில் நிறைந்துள்ள திரவம், வாயு செலுத்தப்படும்போது முதலில் இவ்வால்வுகளின் ஊடாகவே வெளியேற வேண்டும். அவசரப்பட்டு அமுக்கத்தைக் கூட்டினால், வேகமாகப் பாயும் திரவமும் அதிலுள்ள மணலும் வால்வின் இருக்கையை அரித்துவிடும். இதனாலேயே அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் வழிகாட்டி, அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 400 இறாத்தலை அடையும்வரை, 8 முதல் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை 50 இறாத்தல் வீதமே அதனை உயர்த்துமாறு கூறுகின்றது. முதல் நாளில் காட்டும் பொறுமை, பின்னர் பல ஆண்டுகளுக்குப் பயன் தருகின்றது.

வால்வின் வடிவமைப்பும் மாறியுள்ளது. முன்னர் ஒருவழி வால்வு வாயு வால்வின் துணையுறுப்பாக மாத்திரமே கருதப்பட்டது. இன்றோ உலோகத்தின் மீது உலோகம் அமர்ந்து மூடும் வகையிலான, பாதுகாப்புத் தடையாகவே பரிசோதித்து உறுதிப்படுத்தப்பட்ட வால்வுகள் பயன்பாட்டில் உள்ளன. சர்வதேச தர நிர்ணய அமைப்பு 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட 17078 இலக்கத் தரநிலையின் இரண்டாம் பகுதி, இத்தகைய கருவிகளுக்கான தேவைகளை வகுத்துரைக்கின்றது.

எனினும், நல்ல வால்வைப் பொருத்துவதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. அது மூடுகின்றதா என்பதைக் காலத்துக்குக் காலம் சோதித்தறிய வேண்டும். சோதனை எளிதானதே. வாயுவை நிறுத்தி, வளையவெளியின் அமுக்கத்தைக் குறைத்து, அதனை மூடிவைத்து அவதானித்தல் வேண்டும். அமுக்கம் மீண்டும் உயருமாயின் எங்கோ கசிவு உண்டு. நிலத்தடிப் பாதுகாப்பு வால்வுகளில் நிமிடத்துக்கு 15 கன அடி வாயுவே ஏற்கத்தக்க கசிவின் உச்ச எல்லையாகும். இதே அளவுகோலை ஒருவழி வால்வுகளுக்கும் பிரயோகிக்கும் நடைமுறை உண்டு. பழுதான வால்வை மெல்லிய உருக்குக் கம்பியின் துணையுடன் வெளியே எடுத்துப் புதியதைப் பொருத்தவும் முடியும். ஆனால் அதற்காகக் கிணற்றைச் சில காலம் மூட வேண்டும், உற்பத்தி தடைப்படும். கடலின் அடியில் வாய் அமைந்த கிணறாயின் தனியாகக் கப்பலொன்றை அமர்த்த வேண்டும். பரிசோதனையையும் பழுதுபார்ப்பையும் பிற்போடத் தூண்டும் சபலம் இங்குதான் பிறக்கின்றது.

அச்சபலத்தின் விலையை உலகம் அறியும். 1988 ஜூலை 6 ஆம் திகதி வட கடலில் பைப்பர் அல்பா எண்ணெய் மேடை தீப்பற்றியது. பராமரிப்புக்காக ஒரு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பி, அது அறியப்படாமலே இயக்கப்பட்டமை தீயின் தொடக்கமாகும். மேடையுடன் இணைந்திருந்த பெரிய வாயுக் குழாய்கள் வெடித்தமை அதனைப் பேரழிவாக்கியது. 167 பேர் உயிரிழந்தனர். தேங்கியுள்ள வாயுவை உடனடியாகத் தடுத்து நிறுத்தாவிடின் என்ன நேரும் என்பதை அது உணர்த்தியது. வாயு உயர்த்தல் கிணறுகளின் வளையவெளியில் தேங்கியிருக்கும் வாயுவும் அதன் பின்னர் கூடிய கவனத்தைப் பெற்றது.

2010 ஏப்ரல் 20 ஆம் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் மாண்டனர். அது வாயு உயர்த்தல் கிணறன்று. ஆயினும் அக்கிணற்றின் அடியிலும் மீள்பாய்ச்சலைத் தடுக்கும் வால்வுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றைச் செயற்படும் நிலைக்குக் கொண்டுவர 9 தடவைகள் முயற்சிக்கப்பட்டது. அவை உண்மையில் அந்நிலைக்கு வந்தனவா என்பது பின்னர் விசாரணைகளில் கேள்விக்குள்ளானது. கிணறு பாதுகாப்பாக மூடப்பட்டுள்ளதா என அறிய நடத்தப்பட்ட அமுக்கப் பரிசோதனையின் முடிவும் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. வால்வு இருக்கின்றது என்பது வேறு. வால்வு தடுக்கின்றது என்பது வேறு. ஒருவழிக் கதவு நாளாந்தம் திறந்தே இருப்பதால் அதன் குறை எவர் கண்ணிலும் படுவதில்லை. அது மூடவேண்டிய வேளையோ, ஏனைய யாவும் கைவிட்டுவிட்ட விபத்தின் வேளையாகும். மேலே குழாய் உடைந்து வளையவெளி வெறுமையாகும் அக்கணத்தில் ஆழத்திலிருக்கும் அக்கதவை எவரும் சென்று திருத்த முடியாது. ஆகவே, அமைதியான நாளில் உற்பத்தியைச் சற்று நிறுத்தி அதனைச் சோதிப்பதை நட்டக் கணக்கில் எழுதுதல் தகாது. மேடையில் பணிபுரிவோரின் உயிருக்குச் செலுத்தப்படும் மிகக் குறைந்த விலை அதுவேயாகும்.